மச்சி பூட்டிவைத்த பால்மா

எனக்கு நெஞ்சு வலி வந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குப் பால்மா வரத் தொடங்கியது. மேசை நிறைந்து, அலுமாரி நிறைந்து, கட்டிலுக்குக் கீழேயும் அடுக்கும் அளவுக்கு வந்தது. அதில் ஒரு கரண்டியாவது என் தொண்டைக்குள் இறங்கியதா என்றால் இல்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கென்ன, விடிய எழும்பிப் பால் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து சிரிக்கிறார்கள்.

வலி வந்தபோது குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். இடது தோளில் பிடித்தது. மூச்சு முட்டியது. வியர்வை ஊற்றியது. வாயு என்று நினைத்து இஞ்சியைத் தட்டிக் கொதிக்கவைத்துக் குடித்தேன். வாயுவாக இருந்தால்தானே அடங்கும்! பக்கத்து வளவைப் பார்த்து மச்சியைக் கூப்பிட்டேன். மச்சி என்றால் என் மாப்பிள்ளையின், அதாவது புருசனின், தங்கை. அவரும் என்னை மச்சி என்றுதான் கூப்பிடுவார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலி, அதில் அவர் வந்துபோவதற்காகவே பிய்த்த ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தவர் போட்ட கூச்சலில், கடற்கரையில் இருக்கும் லொட்ஜிலிருந்து வெள்ளைக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். எங்கள் கண்டக்குழிக்குக் காற்றுக் காலத்தில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வருகிறவர்கள். அவர்களுடைய வான் வண்டியில்தான் என்னை ஏற்றினார்கள். தலைக்கு மேலே சறுக்குப் பலகைகள் ஆடின. ஈரக் காற்சட்டையோடு ஒருவன் என் கையைப் பிடித்து நாடி பார்த்தான். "மச்சி, கைய விடச் சொல்லுங்க அவனுக்கு, அந்நிய ஆம்புள" என்று மச்சி என்னிடமே சொன்னார். நான் மூச்சு விடுவதா, இங்கிலீசில் இதைச் சொல்வதா?

ஆஸ்பத்திரி வாட்டில் சில நாள் வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்த டொக்டர் ஒரு சிங்களப் பொம்பிளைப் பிள்ளை, சின்ன வயது, தமிழ் நன்றாகவே கதைப்பார். வீட்டுக்கு அனுப்பும்போது கட்டிலடியில் வந்து நின்று விளக்கமாகச் சொன்னார். இதயத்துக்குப் போகும் குழாயில் சின்ன அடைப்பு, மாத்திரையால் சமாளிக்கலாம், ஆனால் பிரஷர் கூடியிருக்கிறது. "உப்பைக் குறைங்க அம்மா. முழு ஆடைப் பால்மா, கொழுப்புச் சாப்பாடு, அதுகளையும் குறைங்க. ஒரு மாசத்தில கிளினிக்குக்கு வாங்க, பார்ப்பம்."

குறைங்க என்றுதான் சொன்னார். என் இரண்டு காதாலும் கேட்டேன். பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற மச்சியும் கேட்டார். ஆனால் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போதே மச்சியின் வாயில் அது "நிப்பாட்டட்டாம்" என்று ஆகிவிட்டது. பாலாவிச் சந்தி வருவதற்குள் "ஒரு சொட்டுப் பால் உள்ளுக்குப் போனாலும் ஆபத்தாம்" என்று வளர்ந்தது. வீட்டு வாசலில் இறங்கி அயலாருக்கு விவரம் சொல்லும்போது, "மச்சிட நெஞ்சுக்குள்ள முழுக்கப் பாலாடதானாம், டொக்டர் படத்தில காட்டினா" என்று மார்பில் கைவைத்துச் சொன்னார். டொக்டர் எந்தப் படத்தையும் காட்டவில்லை.

எனக்கு ஒரே மகள். கொழும்பில் மாடி வீட்டில் இருக்கிறாள். அவளுடைய வாப்பாவும் நெஞ்சு வலியில்தான் மவுத்தானார். பகல் சோறு தின்றுவிட்டுச் சாய்ந்தவர் எழும்பவில்லை. அவள் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் பயம் அவளுக்கு அப்படியே இருக்கிறது. அதனால் போனில் அழுதுகொண்டே சட்டம் போட்டாள்.

"உம்மா, கிளினிக்ல பிரஷர் குறைஞ்சிருந்தா அங்கயே இருங்க. குறையாட்டி வீட்டப் பூட்டிட்டு இங்க வாங்க. மாமி பார்த்துக்கொள்றேன் எண்டு சொன்னதாலதான் இந்த ஒரு மாசமும் உடுறேன். மாமி இல்லாட்டி இண்டைக்கே வான் எடுத்துட்டு வருவேன்."

மாமி என்று அவள் சொல்வது மச்சியைத்தான். மகள் கெட்டவள் இல்லை. அவளுடைய வீடும் நல்ல வீடுதான். ஆனால் அங்கே நான் விருந்தாளி. கதவைத் திறந்துவைத்தால் ஏசி போகுது உம்மா என்பாள். கோப்பையைக் கழுவினால் வேலைக்காரப் பிள்ளை இருக்கிறாள் என்பாள். காலையிலிருந்து மாலைவரை கதிரையில் இருந்து, அடுத்து எந்தக் கதிரைக்கு மாறலாம் என்று யோசிக்க வேண்டும். கண்டக்குழியில் என் கதவை நான் திறப்பேன், நான் சாத்துவேன், ஏன் என்று கேட்க ஆளில்லை. இந்த வயதில் ஒரு பொம்பிளைக்கு வேறென்ன பதவி வேண்டும்? எப்படியாவது அந்தப் பிரஷரைக் குறைத்துவிட்டு என் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று நிய்யத்து வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் நோய் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

எங்கள் பக்கத்தில் நோய் பார்க்க வெறுங்கையோடு வரமாட்டார்கள். காய்ச்சலுக்கும் பால்மா, கால் முறிந்தாலும் பால்மா, பிள்ளை பெற்றாலும் பால்மா. நான் நெடுங்காலம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் என்பதால் குறிஞ்சிப்பிட்டியிலிருந்தும் பள்ளிவாசல்துறையிலிருந்தும் பழைய மாணவர்கள் எல்லாம் குடும்பத்தோடு வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பைக்கற் முழு ஆடைப் பால்மா. ஆடை நீக்கியதை ஒருவரும் கொண்டுவரவில்லை. நோயாளிக்கு அதைக் கொண்டுபோனால் கஞ்சன் என்று பேர் வந்துவிடும்.

"டீச்சர், என்ன சொன்னாங்க ஆஸ்பத்திரியில?"

"பால்மா கூடாதாம் மகன்."

"யா அல்லாஹ்! அப்படியா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டுவிட்டு, கையில் இருந்த பைக்கற்றை மேசையில் இருந்த பைக்கற்றுகளோடு சேர்த்து வைப்பார்கள். "சரி டீச்சர், இது கிடக்கட்டும். ஒடம்புக்குத் தெம்பும் வேணுமே."

வந்தவர்களுக்கு வெறும் தேத்தண்ணி கொடுக்க முடியுமா? அவர்கள் கொண்டுவந்ததையே பிரித்து, நான்தான் கரைத்து, நான்தான் ஆற்றி, நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நோயாளி நான். அவர்கள் குடித்தார்கள். குடித்துக்கொண்டே என் நெஞ்சைப் பற்றிக் கதைத்தார்கள். ஒருத்தி, பால் குழாயை அடைக்கும் என்றாள். இன்னொருத்தி போனை எடுத்து, வயது போன பொம்பிளைகளுடைய இதயத்துக்குப் பாலாடைதான் நல்லது என்று யாரோ ஒருவன் சொல்கிற வீடியோவைப் போட்டுக் காட்டினாள். அடுத்தவள், பால்தான் ஆகாது, தயிர் ஆகும், அதுவும் எருமைத் தயிர் சட்டியில் வந்தால் மட்டும்தான் ஆகும் என்றாள். சண்டை பெரிதாகி, இரண்டு பேர் அதற்குப் பிறகு ஒருவரோடு ஒருவர் கதைப்பதையே விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என் நெஞ்சு எப்படி இருக்கிறது என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

இந்தக் கூத்துக்கு மேலே ஒரு கூத்தாகப் புத்தளம் டவுனிலிருந்து எனக்குத் தம்பி முறையான சாச்சி மகன் வந்தான். அவன் பால்மா கொண்டுவரவில்லை. பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து, நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, "ராத்தா, கழுதப் பால்" என்றான்.

புத்தளத்தில் கழுதைக்கா பஞ்சம்? மனிசர் போக வழியில்லாமல் நடுறோட்டில் நிற்கும். ஆனால் அதைப் பிடித்துக் கறந்த ஆளை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அவன் முழங்காலில் பெரிய காயம் இருந்தது. கொழுப்பே இல்லாத பால் என்று எங்கேயோ கேட்டானாம், என் மேல் இருந்த இரக்கத்தில் இரண்டு நாள் காலையும் உதை வாங்கிக் கறந்தானாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மச்சிக்கோ சந்தோசம் தாங்கவில்லை.

"டொக்டர் கழுதயப் பத்தி ஒண்டும் சொல்லல்லயே மச்சி! குடிங்க!"

"மச்சி, உங்களுக்கு விசரா? அது ஹறாம்."

"மருந்துக்குத்தானே?"

விடமாட்டேன் என்று பள்ளிவாசல் மௌலவிக்குப் போன் எடுத்தார். அவரும் நான் படிப்பித்த பிள்ளைதான். எந்த மிருகம் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு, "டீச்சர்ட கையில போனக் குடுங்க" என்றார். "டீச்சர், கூடாது, குடிச்சிராதீங்க" என்று பயந்துபோய்ச் சொன்னார். போத்தலை முருங்கையடியில் ஊற்றினேன். அந்த முருங்கை செத்துப்போகிறதா என்று மச்சி பல நாள் போய்ப் போய்ப் பார்த்தார். அது நன்றாகத்தான் காய்த்தது.

இனி மச்சியின் காவலைச் சொல்ல வேண்டும். ஆட்கள் போனதும் எல்லாப் பைக்கற்றுகளையும் அலுமாரிக்குள் அடுக்கிப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். உப்பு டப்பாவையும் விடவில்லை. அதைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். காலையில் ஓட்டையால் வந்ததும் முதல் வேலை என் வாயை மோந்து பார்ப்பது.

"ஊதுங்க மச்சி."

"நான் என்ன குடிகாரியா?"

"ஊதுங்க எண்டா ஊதுங்க. புள்ளைக்கு வாக்குக் குடுத்திரிக்கேன்."

ஊதினேன். வேறு என்ன செய்ய? மகளுக்கு வட்ஸ்அப்பில் செய்தி போக வேண்டுமே, மாமி சொன்னால்தானே நான் என் வீட்டில் இருக்கலாம்.

ஊதி முடிந்ததும் மச்சி அலுமாரியைத் திறப்பார். ஒரு பெரிய கோப்பையில் மூன்று கரண்டி பால்மா, மேலே சீனி, கொதித்த தேயிலைச் சாயம். கரண்டியால் அடித்து நுரை தள்ள ஆற்றி, எனக்கு எதிரில் கதிரையைப் போட்டு உட்காருவார். எனக்கு முன்னால் இஞ்சி போட்ட வெறும் தேத்தண்ணி, சீனியும் அரைக் கரண்டிதான்.

"எனக்கென்ன ஆசையா மச்சி?" என்பார் ஒரு மிடறு குடித்துவிட்டு. "இது இங்க கிடந்தா உங்களுக்கு ஆச வரும். முடிச்சிப்போட்டா நிம்மதிதானே."

அந்த நிம்மதிக்காக மச்சி காலையில் குடித்தார், பத்து மணிக்குக் குடித்தார், பின்னேரம் அசறுக்குக் குடித்தார், மழை வந்தால் அதற்கும் குடித்தார். என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் உண்மையாகவே நம்பிக் குடித்தார். அதுதான் என்னை இன்னும் எரியவைத்தது. களவாகக் குடித்தால் பிடித்துச் சண்டை போடலாம். தியாகம் செய்கிறவரை என்ன செய்வது? குடித்து முடியவில்லை என்றதும், வேறு நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதில் ஒரு பைக்கற் இரண்டு வீடு சுற்றிவிட்டு, என்னைப் பார்க்க வந்த ஒரு கிழவியின் கையில் திரும்பி வந்தது. மூலையில் மச்சி ஒட்டிய டேப் அப்படியே இருந்தது. மச்சி முகம் மாறாமல், "எதுக்கு இந்தச் சிரமமெல்லாம்" என்று சொல்லி வாங்கி உள்ளே வைத்தார்.

பால் போனதைக்கூடத் தாங்கினேன். உப்பில்லாத சோற்றை வாயில் வைக்க ஏலாது. முதல் நாள் மச்சியே சமைத்துக் கொண்டுவந்து, எனக்கு முன்னால் ஒரு கவளம் தின்று பார்த்தார். மென்றார். விழுங்க முடியவில்லை. அவருக்கே கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது.

"இத எப்படி மச்சி மனிசன் திங்கிற? இருங்க" என்று ஓட்டையால் ஓடினார். திரும்பி வரும்போது கையில் பொரித்த கட்டா மீன் கருவாடு.

மச்சியின் கருவாட்டைப் பற்றி எங்கள் கரையில் தெரியாத ஆளில்லை. மீனைக் கீறி, கழுவி, உப்படித்து, வளவு மணலில் பந்தல் போட்டுக் காயவைத்து, வெயில் ஏற ஏறத் திருப்பிப் போட்டு, காகத்தைத் துரத்தி எடுப்பார். கொழும்பிலிருந்து கார் போட்டு வந்து வாங்கிப் போகிறார்கள். ஆனால் அவர் அதைத் தின்னமாட்டார். "நாள் முழுக்க அந்த வாசத்துக்குள்ள கிடக்கிறவளுக்கு வயித்துக்குள்ளயும் அதுவா?" என்பார். அவருக்குப் பச்சை மீன்தான்.

அன்றிலிருந்து எனக்கு உயிர் வந்தது. காலையில் பாணுக்குக் கருவாட்டுச் சம்பல். பகலில் உப்பில்லாச் சோற்றோடு கருவாட்டுக் கறி. இரவில் இடியப்பத்துக்குப் பொரித்த துண்டு. கறியில் ஒரு சிட்டிகை உப்புப் போடமாட்டார் மச்சி. அதில் கண்டிப்பு என்றால் கண்டிப்பு. எங்கள் இரண்டு பேருக்கும் இதில் ஒரு பிழையும் தெரியவில்லை. உப்பு என்றால் டப்பாவில் இருப்பது, டப்பா மச்சி வீட்டில் இருக்கிறது. இது கருவாடு. சின்னதிலிருந்து சோற்றோடு தின்று வளர்ந்த சாமான், அதை யார் உப்பென்று நினைப்பார்கள்?

கிளினிக் நாள் வந்தது. மச்சி பெருநாளுக்கு உடுக்கும் சாரியை உடுத்திக்கொண்டு வந்தார். பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை, தான் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று பக்கத்துச் சீற்றில் இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கும் நம்பிக்கையாகத்தான் இருந்தது. ஒரு மாதம் பால் இல்லை, உப்பு இல்லை, பிரஷர் குறையாமல் எங்கே போகும்?

அதே டொக்டர்தான் பிரஷர் பார்த்தார். பட்டியைக் கழற்றிவிட்டு மறுபடி கட்டிப் பார்த்தார்.

"போன முறைய விடக் கூடியிருக்கே அம்மா."

மச்சி என் பக்கம் திரும்பினார். கிளினிக் முழுக்கக் கேட்கும்படி, "களவாக் குடிச்சீங்களா?" என்றார்.

"அல்லா மேல ஆணையா இல்ல!"

"காலையில ஊதும்போது ஏதோ மணத்திச்சி எனக்கு! நான்தான் சும்மா உட்டேன்!"

"மச்சி, நாலு பேருக்கு முன்னால என்னக் கள்ளியாக்காதீங்க!"

டொக்டர் கையைக் காட்டி எங்களை அடக்கினார். என்ன சாப்பிடுறீங்க என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மச்சி முன்னால் வந்து, சாரியை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒப்புவிக்கத் தொடங்கினார். பால் ஒரு சொட்டு இல்லை. உப்பு ஒரு சிட்டிகை இல்லை. காலையில் கருவாட்டுச் சம்பல், பகலில் கருவாட்டுக் கறி, இரவில் பொரியல். எல்லாம் தன் கையால் காயவைத்தது, கடைச் சாமான் கிடையாது. டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தார்.

"கருவாட்டுல என்ன இருக்கு அம்மா?"

"மீன்" என்றார் மச்சி.

"வேற?"

மச்சி யோசித்தார். "வெயில்."

டொக்டர் சிரிக்கவில்லை. மச்சியின் கை தானாகவே மேலே வந்தது, மீனுக்கு உப்படிக்கும்போது பிடிப்பதைப்போல விரல்கள் விரிந்தன. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகம் அப்படி வெளிறிப்போனதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

டொக்டர் பொறுமையாக விளக்கினார். மாத்திரையை ஒழுங்காகக் குடித்தது நல்லது. பாலைப் பற்றி இவ்வளவு பயப்பட வேண்டாம், கொழுப்புக் குறைந்த பாலில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி குடிக்கலாம், கொஞ்சம் தயிரும் சாப்பிடலாம். கருவாட்டைத்தான் நிறுத்த வேண்டும். இன்னொரு மாதம் பார்க்கலாம் என்றார். பால் தேத்தண்ணி குடிக்கலாம் என்று கேட்டதும் எனக்கு எழும்பி அந்தப் பிள்ளையைக் கொஞ்ச வேண்டும்போல இருந்தது. அதற்குள் அவர் மச்சியையும் இருக்கச் சொல்லிப் பட்டியைக் கட்டினார்.

"உங்களுக்கு நல்லா இருக்கு. இருந்தாலும் ஒருக்கா ரத்தமும் சோதிச்சிப் பாருங்க. நீங்க என்ன சாப்பிடுறது?"

அலுமாரி நிறையப் பால்மாவைக் குடித்துத் தீர்த்த மனுசி சாரித் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மச்சி ஜன்னலோரம் போய் இருந்தார். காலையில் கதை கேட்ட பொம்பிளை ஒருத்தி அதே பஸ்ஸில் இருந்தாள். என்ன சொன்னாங்க என்று கேட்டாள். மச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாலாவிச் சந்தியைத் தாண்டும்போது மகளின் போன் வந்தது. கூடியிருக்கிறது என்றேன். பொய் சொல்ல வரவில்லை. கருவாட்டால்தான், இன்னொரு மாதம் பார்க்கலாமாம் என்றும் சொன்னேன்.

"மாமிக்கிட்டக் குடுங்க. மாமி பார்த்துக்கொள்றேன் எண்டு சொல்லட்டும், நான் உடுறேன்."

போனை நீட்டினேன். மச்சி வாங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். போன் என் கையிலேயே கிடந்து, மாமி, மாமி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"சரி உம்மா" என்றாள் மகள். "வெள்ளிக்கிழம வான் எடுத்துட்டு வாறேன். உடுப்ப அடுக்கி வைங்க."

வீட்டுக்கு வந்து உடுப்பு ஒன்றையும் அடுக்கவில்லை. விறாந்தையில் கதிரையைப் போட்டு, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தேன். அசறுக்குப் பிறகு மச்சி வந்தார். ஓட்டையால் வரவில்லை, வெளி ஆளைப்போலக் கேற்றால் வந்தார். உப்பு டப்பாவை மேசையில் வைத்தார். முந்தானையை அவிழ்த்து அலுமாரிச் சாவியையும் வைத்தார்.

"இனி நான் உங்கட குசினிப் பக்கம் வர மாட்டேன் மச்சி. நீங்க புள்ளையோட போங்க. இங்க இருந்தா என்ட கையாலயே உங்கள முடிச்சிருவேன்."

"என்ன விசர்க் கதை இது? ரெண்டு பேருக்கும்தானே தெரியாது."

அவர் கேட்கவில்லை. நின்றபடியே நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மவுத்தான தன் நானாவை, என் மாப்பிள்ளையை, நினைத்து மெதுவாகக் கேட்டார்.

"மச்சி, என்ட நானாவுக்கும் நான்தானே கருவாடு குடுத்த. மவுத்தான அண்டைக்கும் பகலைக்கு நான்தானே பொரிச்சி அனுப்பின. அப்ப அதுவும் என்ட கையாலயா?"

எனக்கு நெஞ்சு அடைத்தது. இது மாத்திரைக்கு அடங்குகிற அடைப்பு இல்லை. என் மாப்பிள்ளை பீடியை விட்டவர் இல்லை. டொக்டர் தந்த மருந்தை மாதத்தில் பாதி நாள் குடிக்கமாட்டார். அதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் மச்சி அதைத் தள்ளிவைத்துவிட்டு அந்தக் கடைசிப் பொரியலை மட்டும்தான் கையில் எடுத்துக்கொள்வார். அவர் அப்படிப்பட்ட ஆள். மிச்சக் காலம் முழுக்க அதை வைத்துத் தன்னையே அரித்துக்கொண்டு கிடப்பார், இந்தப் பக்கம் தலைகாட்டமாட்டார், நான் கொழும்பில் கதிரை மாறிக்கொண்டிருப்பேன். என் வாயில் என்ன வந்தது என்று எனக்கே தெரியாது.

"அவர் எங்க மச்சி உங்கட கருவாட்டத் திண்டார்?"

மச்சி நிமிர்ந்தார். "என்ன?"

"அவருக்கு அந்த வாசமே புடிக்காது. தங்கச்சிட மனசு நோகுமெண்டு வாங்கி வைப்பார். நீங்க அங்கால போனதும் பூனைக்குப் போட்டிருவார்."

"பூனைக்கா?"

"ஓம்."

"என்ட கட்டாக் கருவாட்டயா?"

"ஓம்."

"எல்லாத்தயுமா?"

"எல்லாத்தயும்தான் மச்சி. அண்டைக்கு அனுப்பினதும் பூனைக்குத்தான் போச்சு."

வெளிறிக் கிடந்த முகத்தில் இரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையிரண்டையும் இடுப்பில் வைத்தார்.

"வாரத்தில மூணு நாள் கேட்டு ஆளனுப்புவாரே! வெயில்ல நிண்டு நிண்டு என்ட தோலெல்லாம் கறுத்தது அந்தப் பூனைக்கா? கொழும்பிலயிருந்து காரப் போட்டு வந்து கேக்கிறானுகள், இல்ல எண்டு திருப்பி அனுப்பிட்டு நானாவுக்கெண்டு எடுத்து வச்சேனே! அல்லா அவர மன்னிக்கட்டும் மச்சி. நான் மன்னிக்க மாட்டேன்!"

அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன் வந்தது. நான் எடுப்பதற்குள் மச்சி பறித்துக்கொண்டார். "ஒரு வானும் கொண்டுவர வேணாம்! உங்கட உம்மாவ நான் பார்த்துக்கொள்வேன். உப்புமில்ல, கருவாடுமில்ல, வாயத் திறந்து காட்டாம ஒண்டும் உள்ளுக்குப் போகாது. உங்கட வாப்பா செஞ்ச வேல தெரியுமா புள்ள உங்களுக்கு?" என்று தொடங்கி, பூனைக் கதையை முழுக்கச் சொல்லி அழுது ஏசிவிட்டு, போனை என் மடியில் போட்டார். மேசையில் வைத்த சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, வேலி ஓட்டையால் போனார். அந்தப் பக்கம் போயும் சத்தம் ஓயவில்லை.

போனை எடுத்துக் காதில் வைத்தேன். மகள் கேட்டாள்.

"உம்மா, வாப்பாக்கு மாமிட கருவாடெண்டா உசிரல்லவா? முள்ளக்கூட உடமாட்டாரே?"

"வாய மூடு" என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

அவளுக்கு விளங்கிவிட்டது. என்னைவிட அதிகமாக அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வெள்ளிக்கிழமை வரவில்லை, அடுத்த மாதக் கிளினிக்கைப் பார்க்கலாம் என்றாள்.

அடுத்த மாதம் பிரஷர் குறைந்தது. நான் இங்கேதான் இருக்கிறேன். மச்சி இன்னும் தன் நானாவை மன்னிக்கவில்லை. அவரை அடக்கியிருக்கும் மையவாடியைக் கடந்து போகும்போது ஸலாம் சொல்லுவார், சொல்லிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். நான் பின்னால் நடந்து வந்துகொண்டே அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்பேன்.